முதல் வேண்டாம்

விபோர்க், டென்மார்க்
8 நவம்பர் 1987

ராசமலருக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் உம்முடைய கணவர் யோசேப்பும் சுகமாக இருக்கிறோம். நீரும் கொழும்பில் அப்படியே இருப்பீர் என்று நம்புகிறேன். உம்முடைய கடிதம் கிடைத்தது. அதன் தலைப்பில் இடமும் இல்லை, தேதியும் இல்லை. எங்கிருந்து, எப்போது எழுதுகிறோம் என்று சொல்லாமல் தொடங்குவது கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வருவது போன்றது. கன்னியர் மடத்துப் பள்ளியில் இதை எங்களுக்குச் சிறு வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள். இனிமேல் எழுதும்.

விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர். உம்மை இங்கே எடுப்பதற்கு யோசேப் ஏப்ரலில் கொடுத்ததுதான். ஏழு மாதமாகிறது, பதில் இல்லை. சென்ற ஆண்டு என்னுடையது மூன்று மாதத்தில் முடிந்தது. உம்முடையதையும் அப்போதே சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று யோசேப் சில வேளை சொல்கிறான். முதலில் நான் வந்து வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. அதனால் அப்படிச் செய்தோம்.

ஒரு செய்தி. இங்குள்ள கத்தோலிக்கக் கோவில் மிகச் சிறியது. ஓர்கன் வாசிப்பவருக்குக் கை முறிந்ததால் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நான் வாசித்தேன். அதற்கு நன்றியாக, திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, பங்கைச் சேர்ந்த லுண்ட் தம்பதியினர் என்னை ஏரிக்கரை உணவகத்துக்கு மதிய விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். திரு லுண்ட் ஓய்வு பெற்ற சட்டத்தரணி. இருவரும் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். இங்குள்ள தமிழர் யாரும் அந்த உணவகத்துக்குள் கால் வைத்ததில்லை.

யோசேப்புக்குத்தான் பயம். "அம்மா, அங்க கத்தியாலையும் முள்ளுக்கரண்டியாலையும்தான் சாப்பிடோணும்" என்றான்.

"என்னை ஆரெண்டு நினைச்சாய் மனே? வாழைப்பழத்தையே கத்தியால வெட்டித் திண்ட ஆள் நான்" என்றேன்.

குளிர் தொடங்கிவிட்டது. உம்மை ஜெபத்தில் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
விக்ரோரியா கிறிஸ்துநாயகம்

*

கொட்டாஞ்சேனை, கொழும்பு
29 நவம்பர் 1987

மதிப்புக்குரிய மாமிக்கு,

இடமும் தேதியும் மேலே இருக்கின்றன. நான் நலம். உங்களுடைய முழங்கால் வலி குளிருக்குக் கூடாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

செவ்வாய்க்கிழமை தோறும் விசா அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். வாசலில் இருப்பவர் என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுகிறார். வாயைத் திறந்து கேட்கும் வேலைகூட இப்போது எனக்கு இல்லை. மற்ற நேரங்களில் பள்ளிச் சீருடை தைக்கிறேன். இந்த அறையில் நாங்கள் மூன்று பெண்கள். மூத்தவர் சின்னமணி அக்கா. அவருடைய கணவரும் டென்மார்க்கில்தான், ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறார். அவருக்கும் பதில் இல்லை.

இன்று நீங்கள் விருந்துக்குப் போகும் நாள். காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தினமும் பருப்பு. மேசையில் என்னென்ன வைத்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள் மாமி. வாசித்தாவது மூன்று பேரும் சாப்பிடுவோம்.

உங்கள் அன்பு மறவாத,
ராசமலர்

*

விபோர்க்
14 டிசம்பர் 1987

ராசமலருக்கு,

உம்முடைய கடிதம் ஒழுங்காக இருந்தது. நான் சுகம். யோசேப்புக்குச் சிறிது தடிமன், இஞ்சி அவித்துக் கொடுத்தேன். நீங்கள் மூவரும் கேட்டபடி எழுதுகிறேன்.

உணவகம் தாழ்ந்த கூரையும் கறுத்த மர உத்திரங்களும் கொண்டது. நடுப்பகலிலேயே மேசைக்கு மேசை மெழுகுதிரி எரிகிறது. வெள்ளை விரிப்பு, கஞ்சி போட்டுத் தேய்த்தது. எங்கள் மடத்து விரிப்புக்குச் சற்றுக் குறைவுதான். எதிரே திரு லுண்ட், வலப்பக்கம் திருமதி லுண்ட், இடப்பக்கம் எங்கள் குருவானவர்.

இவர்கள் நம்மைப் போல எல்லாவற்றையும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் குவிப்பதில்லை. முதலில் மீன். அது முடிந்ததும் அந்தக் கோப்பையை எடுத்துவிட்டு, இறைச்சிக்கு வேறு கோப்பை வைக்கிறார்கள். மீனுக்குப் பெயர் ஹெரிங். அடுப்பில் ஏற்றாமல் வினாகிரியில் ஊறவைத்தது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் வந்தது. மஞ்சளுக்குக் 'கறி' என்று பெயர். ஊரில் அதைக் கறி என்று சொன்னால் சண்டை வரும். கறுத்த, கனத்த றை ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் மீனையும் வெங்காய வளையத்தையும் வைத்துக் கத்தியால் வெட்டிச் சாப்பிட வேண்டும். கையால் தூக்கக் கூடாது. வெள்ளை ரொட்டியில் ஹெரிங்கை வைப்பது பெருங்குற்றம். அதன் பிறகு எலுமிச்சைத் துண்டோடு பொரித்த மீன், சூடான ஈரல் பசை, மொறுமொறுவென்ற தோலோடு பன்றி இறைச்சி, சிவப்பு முட்டைக்கோவா. கடைசியில் பாற்கட்டி.

பக்கத்தில் நின்று பரிமாறுவோர் இல்லை. தட்டம் கைக்குக் கை மேசையைச் சுற்றி வருகிறது. அருகில் இருப்பவர் நீட்டுவார். எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஒருமுறைதான் சுற்றும்.

நான் கத்தி பிடிக்கும் விதத்தைத் திருமதி லுண்ட் பாராட்டி, எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். மட்டக்களப்பில் என்று சொன்னேன்.

கோப்பி வந்தபோது பொதுவான விஷயங்கள் பேசினோம். மிகவும் மரியாதையான மனிதர்கள்.

பிறப்புத் திருநாள் வாழ்த்துக்களுடன்,
விக்ரோரியா கிறிஸ்துநாயகம்

*

கொட்டாஞ்சேனை
6 ஜனவரி 1988

மதிப்புக்குரிய மாமிக்கு,

புது ஆண்டு உங்கள் இருவருக்கும் நோயின்றி நடக்கட்டும். நான் சுகமே.

உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தோம். பன்றித் தோல் வந்த இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்கள். ஆனால் மாமி, நிறம் எழுதியிருக்கிறீர்கள், ஒழுங்கு எழுதியிருக்கிறீர்கள், எந்த ரொட்டியில் எதை வைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றின் ருசியைக்கூட எழுதவில்லை. மஞ்சள் மீன் இனிப்பா, புளிப்பா? சின்னமணி அக்கா கேட்கிறார்: "உன்ர மாமி திண்டாவோ, கண்ணால பாத்திட்டு வந்தாவோ?"

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்கலாமா என்று தெரியவில்லை. திரு லுண்ட் சட்டத்தரணி என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பேசிய பொதுவான விஷயங்களில் நானும் இருந்தேனா?

பதிலை எதிர்பார்த்து,
ராசமலர்

*

விபோர்க்
20 மார்ச் 1988

ராசமலருக்கு,

பதில் தாமதமானது. பெப்ரவரி முழுவதும் காய்ச்சலும் இருமலும். இப்போது எழுந்து நடமாடுகிறேன். யோசேப்புக்குத் தொழிற்சாலையில் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. உம்முடைய உடல்நலம் பற்றி எழுதும்.

ஏரி உறைந்திருக்கிறது. அதன்மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். தவக்காலத்துக்குச் சில புதிய பாடல்கள் வாசிக்கிறேன்.

விண்ணப்பம் அப்படியே இருக்கிறது. இங்குள்ள தமிழ் வீடு ஒவ்வொன்றிலும் இதே கதைதான், நம்முடையது மட்டுமல்ல. திரு லுண்ட் வேலையை விட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களைத் தொந்தரவு செய்வது பண்பல்ல.

ஹெரிங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர். அது குளிர்ந்த உணவு.

இப்படிக்கு,
விக்ரோரியா கிறிஸ்துநாயகம்

*

கொட்டாஞ்சேனை
2 மே 1988

மதிப்புக்குரிய மாமிக்கு,

உங்கள் இருமல் முற்றாக மாறிவிட்டதா? வெந்நீரை விடாமல் குடியுங்கள்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் அங்கே ஒரு நாளும் நித்திரை கொள்ளமாட்டார். போன மாதம் பொலிஸ் வந்து எங்கள் தெருவில் இருந்த நம் ஊர்ப்பக்கத்துத் தமிழர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. கொழும்பில் என்ன வேலை என்று கேட்டார்கள். கணவரிடம் போகக் காத்திருக்கிறேன் என்றேன். "எவ்வளவு காலமாக?" என்றார்கள். சொன்னேன். சிரித்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது வீட்டுக்காரி அறையைக் காலி செய்யச் சொன்னாள். கெஞ்சிக் கேட்டதில் ஜூலை வரைக்கும் தவணை தந்திருக்கிறாள்.

கலியாணம் முடித்து மூன்று கிழமைதான் ஒன்றாக இருந்தோம் மாமி. மூன்று வருஷமாகப் போகிறது. அவருடைய குரல் எப்படி என்று சில நாள் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோபிக்காமல் இதை வாசியுங்கள்.

ராசமலர்

*

விபோர்க்
30 மே 1988

ராசமலருக்கு,

உம்முடைய கடிதம் கைக்கு வந்து பதினாறு நாள். முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதுகிறேன். யோசேப்புக்கு நான் எதுவும் சொல்லவில்லை. உம்முடைய உடம்புக்கு வேறு ஒன்றும் இல்லையென்று நீர் எனக்கு மறைக்காமல் எழுத வேண்டும்.

சின்னமணி என்ற அந்தப் பெண் கேட்டது சரி. அன்று நான் சாப்பிடவில்லை.

திருமதி லுண்ட் மீன் தட்டத்தை நீட்டினார். "வேண்டாம், நன்றி" என்றேன். மேசையில் முதலில் நீட்டும்போதே கையை நீட்டுவது பட்டினி வீட்டுப் பழக்கம் அல்லவா? இன்னொரு தடவை கேட்பார், மூன்றாவது தடவை கோப்பையில் வைத்தே விடுவார் என்று இருந்தேன். அவர் தலையசைத்து, தட்டத்தைக் குருவானவரிடம் கொடுத்துவிட்டார். பொரித்த மீனுக்கும் அப்படியே. இறைச்சிக்கும் அப்படியே. மூன்று மணி நேரம் றை ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டேன். இதில் சிரிக்க இடமிருக்கிறது. சிரியும்.

அடுத்ததில் சிரிக்க இடமில்லை. கோப்பி குடிக்கும்போது திரு லுண்ட் கேட்டார்: "உங்கள் மருமகளின் விண்ணப்பம் நகரவில்லை என்று குருவானவர் சொன்னார். நாடாளுமன்றத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நான் எழுதட்டுமா?"

நான் சொன்னேன்: "வேண்டாம், நன்றி. உங்களுக்கு ஏன் சிரமம்? மகன் பார்த்துக்கொள்கிறான்."

மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் பாற்கட்டியை வெட்டினார். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அவரைக் கோவிலில் கண்டேன். அவர் கேட்கட்டும் என்று இருந்தேன்.

உம்முடைய கடிதம் வந்ததும் உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசி, பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு என் பெயரில் மேசை ஒன்று கேட்டு, லுண்ட் தம்பதியினரை அழைத்தேன். யோசேப்பைக் காரில் கொண்டுபோய் விடச் சொன்னேன்.

"அந்த மீன் சரியில்லையெண்டு சொன்னீங்களே அம்மா."

"குளிர்ந்த மீனெண்டுதான் சொன்னன். சரியில்லையெண்டு சொல்லேல்ல."

"நானும் உள்ளுக்கு வரட்டோ?"

"வேணாம். நான் ஒரு பிழை விட்டனான். அதைத் திருத்தேக்க ஆள் பார்க்கக் கூடாது."

தட்டம் வந்தது. முதல் நீட்டலிலேயே எடுத்தேன், மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று. உம்முடைய கேள்விக்குப் பதில்: மஞ்சள் மீன் இனிப்பு. மீனில் இனிப்பு. விழுங்கினேன். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "திரு லுண்ட், மாரிகாலத்தில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கு நான் வேறு பதில் சொல்ல விரும்புகிறேன்."

"நீங்கள் வேண்டாம் என்றீர்களே" என்றார்.

"எங்கள் பக்கத்தில் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வெட்கத்துக்கு. மூன்றாவதுதான் பதில்."

திருமதி லுண்ட் கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டார். "அப்படியென்றால் அன்று நீங்கள் பசியோடா வீட்டுக்குப் போனீர்கள்?"

"ஓம்" என்றேன். ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.

திரு லுண்ட் சொன்னார்: "இங்கே இரண்டாம் முறை கேட்டால், உங்கள் சொல்லை நான் நம்பவில்லை என்று அர்த்தம். நான் உங்களை மதித்துத்தான் கேட்காமல் இருந்தேன்." உணவுப் பட்டியலைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் உம்முடைய பெயரை எழுதிக்கொண்டார். எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, இரண்டு தடவை சரி பார்த்தார். மறுநாளே கடிதம் போய்விட்டது.

உம்முடைய ஆறு மாதம் என் வாயால் போனது. இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உம்மிடமும் சொல்ல வேண்டும்.

விக்ரோரியா

*

கொட்டாஞ்சேனை
28 ஜூன் 1988

மதிப்புக்குரிய மாமிக்கு,

உடம்புக்கு வேறு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். உங்கள் சுகம் தொடரட்டும்.

நீங்கள் எழுதியதை மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். உண்மையை எழுதியதற்கு நன்றி. மீனுக்குச் சிரிக்கச் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த மேசையில் நீங்கள் இருந்தபடி நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன்.

கலியாண எழுத்துப் பதிவு முடிந்த அன்று உங்கள் மகன் என்னைப் புளியந்தீவு வீட்டுக்குக் கூட்டி வந்தார். மத்தியானம். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உள்ளே மேசையில் சாப்பாடு மூடியிருந்தது வாசலில் இருந்தே தெரிந்தது. "வந்து சாப்பிடுமன்" என்றீர்கள். "வேணாம் மாமி" என்றேன். எங்கள் ஆரையம்பதியிலும் அதுதான் முறை. புதுப் பெண் முதல் வார்த்தையிலேயே ஓம் என்றால் வளர்த்தவர்களுக்கு இழுக்கு. "சரி" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். நாங்கள் வேலிப் படலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவருடைய சிநேகிதர் வீட்டுக்குப் போனோம். அந்த மூன்று கிழமையும் அங்கேதான் இருந்தோம்.

மாமி, நான் களைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளுக்குக் களைத்துவிட்டேன். ஜூலையில் ஊருக்கே போகிறேன். பாலர் பள்ளியில் ஒரு வேலை இருக்கிறது. திரு லுண்ட் என் பெயரை எழுதிய தாளை அவரே வைத்திருக்கட்டும். எனக்கு இனி டென்மார்க் வேண்டாம். அவருக்கும் இதை என் கையால் எழுதுகிறேன்.

உங்கள் முழங்காலைக் கவனியுங்கள்.

ராசமலர்

*

விபோர்க்
24 ஜூலை 1988

ராசமலருக்கு,

இக்கடிதத்தை ஆரையம்பதி முகவரிக்கு அனுப்புகிறேன். நீரும் உம்முடைய தாயாரும் சுகமென்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் நடமாடுகிறோம்.

நீர் யோசேப்புக்கு எழுதிய கடிதத்தை அவன் எனக்குக் காட்டவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். அதிலிருந்து அது வந்ததைத் தெரிந்துகொண்டேன்.

திரு லுண்டின் சிநேகிதரிடமிருந்து பதில் வந்தது. விசாரித்ததாகவும், எல்லா விண்ணப்பங்களும் பரிசீலனையில் உள்ளன என்று அமைச்சில் சொன்னதாகவும் எழுதியிருந்தார். அந்தச் சொல் திரு லுண்டுக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் எழுதுகிறார். நான் கேட்காமலே எழுதுகிறார்.

நீர் வேண்டாம் என்று எழுதியதை வாசித்தேன். ஆனாலும் வரும்படி கேட்கிறேன். மனைவி கணவனுடன் இருப்பதே முறை. விண்ணப்பத்தை மீளப் பெறவில்லை, பெறவும் மாட்டோம்.

பதில் எழுதும்.

விக்ரோரியா

*

விபோர்க்
5 மார்ச் 1989

என் மகள் ராசமலருக்கு,

ஏழு மாதமாக உன் கையெழுத்தைக் காணவில்லை. யோசேப்புக்கு மூன்று வரியில் சுகம் என்று எழுதுகிறாயாம். அதையாவது எழுதுகிறாய் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். எனக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, மற்றபடி குறை இல்லை.

உன் அனுமதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. யோசேப் அதைப் பிரித்து வாசித்துவிட்டு மேசையில் வைத்தான். "என்ன மனே?" என்றேன். "அவ வரமாட்டா அம்மா" என்றான்.

இங்கே பத்திரிகைகளில் ஒவ்வொரு நாளும் நம்மைப் பற்றித்தான். திருமதி லுண்ட் எனக்கு வாசித்துச் சொல்கிறார். நம்முடைய ஆட்களின் கோப்புகள் எல்லாம் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனவாம், சட்டம் ஓம் என்று சொன்ன பிறகும். இப்போதுதான் எல்லாம் சேர்ந்து நகர்கின்றன. திரு லுண்டின் கடிதங்கள் ஒரு கல்லையாவது அசைத்தனவா என்று அவருக்கே தெரியாது. "அப்படியென்றால் அன்று நீங்கள் ஓம் என்றிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, மனதை வருத்தாதீர்கள்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். கோப்பை நிறுத்தியது அவர்கள் பிழை, கேட்டவரிடம் வேண்டாம் என்றது என் பிழை, ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது என்றேன். உன்னுடையதை என்னுடையதோடு சேர்த்துக் கொடுத்திருந்தால், நிறுத்துவதற்கு முன்பே நீ வந்திருப்பாய். வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும் என்றேன். இரண்டு அறை வீட்டில் என்ன ஒழுங்கு? மகனோடு கொஞ்சக் காலம் தனியாக இருக்க ஆசைப்பட்டேன்.

இனி படலையைப் பற்றி. அந்தக் கடிதத்தை வாசித்த பிறகு நான் உனக்கு எழுதியது, திரும்பிப் பார்த்தால், பள்ளி அதிபர் எழுதும் அறிவித்தல் போல இருந்தது. நீ பதில் போடாதது சரி.

திரு லுண்ட் ஒருமுறைதான் கேட்டார். அவருக்கு நம் வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். நீ முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொன்னதும் 'சரி' என்று திரும்பிவிடலாம் என்பதும் தெரியும். அதனால்தான் ஒருமுறை கேட்டேன். ஊரில் யாரும் நான் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது பார். நீ கத்தோலிக்கக் கோவில் பெண் இல்லை என்பதும், என்னிடம் கேட்காமல் அவன் முடித்தான் என்பதும் அன்று எனக்குப் பெரிதாக இருந்தன.

மூடியிருந்த சாப்பாடு மூன்று பேருக்கு. நீலக் கரை போட்ட கோப்பைகள், என் கலியாணத்துக்குத் தந்தவை. உனக்கு வைத்ததைக் கவிழ்த்து அலுமாரியில் வைத்தேன். இங்கே வரும்போது யோசேப்புக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக இரண்டை எடுத்துச் சேலைக்குள் சுற்றினேன். மூன்றாவதுக்குப் பெட்டியில் இடம் இருந்தது. எடுக்கவில்லை.

உன்னுடைய வேண்டாம் எந்த வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக இருந்தால் மதிக்கிறேன், அவனிடமும் நானே சொல்கிறேன். ஆனால் நான் இன்னும் மூன்று முறை கேட்கவில்லை. போன வருஷம் ஒரு தடவை கேட்டேன், அதையும் கேட்கத் தெரியாமல் கேட்டேன். ஆகவே கேட்கிறேன். வா மகள். வந்து சாப்பிடு. நீ வரும்வரைக்கும் கேட்பேன், முழங்கால் வலிக்காகக் கதிரையில் இருந்துகொண்டு கேட்பேன்.

உன்,
மாமி

*

ஆரையம்பதி
30 மார்ச் 1989

அன்பான மாமிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள் வந்தது. என்னை நீ என்று எழுதியிருந்தீர்கள். அம்மா வாசித்துவிட்டு, "இந்த மனிசி உன்னட்டத் தோத்திட்டா புள்ள" என்றார். "இல்லையம்மா, நான் தோக்கிற நேரத்தில வந்திட்டா" என்றேன். நான் எழுதியது எந்த வேண்டாம் என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது மாமி. உங்கள் மகனுக்கு எழுதும் மூன்று வரியில் நாலாவது வரி ஒன்று ஒவ்வொரு முறையும் வரும். வெட்டிவிடுவேன்.

திங்கட்கிழமை புளியந்தீவுக்குப் போனேன். பாலத்தில் மூன்று இடத்தில் இந்தியப் படை சோதித்தது. பக்கத்து வீட்டு றெஜினா அக்காவிடம் சாவி வாங்கித் திறந்தேன். முதல் முறையாக உங்கள் வீட்டுக்குள் கால் வைத்தேன், ஆள் இல்லாத நேரத்தில். அலுமாரியில் நாலு கோப்பை இருந்தன. மூன்று நிமிர்ந்தபடி, ஒன்று கவிழ்ந்தபடி. கவிழ்ந்திருந்ததை எடுத்துக் கழுவி, சேலைக்குள் சுற்றினேன். பாலத்தில் ஒரு சிப்பாய் பிரித்துப் பார்த்து, "எதற்கு ஒன்று மட்டும்?" என்று கேட்டான். மற்ற இரண்டும் அங்கே போய்விட்டன என்றேன்.

விசா எடுக்கச் செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகிறேன். ஏப்ரல் கடைசிக்குள் அங்கே நிற்பேன். அவருக்கு நாலு வரி எழுதியிருக்கிறேன், ஒன்றையும் வெட்டவில்லை.

உங்கள் வாசலில் ஒருமுறை கேட்டால் போதும், ஓம் என்று சொல்லி உள்ளே வருவேன். அந்த இனிப்பு மீனுக்கு மட்டும் என்னை வற்புறுத்த வேண்டாம். அதில் என்னுடைய முதல் வேண்டாமே மூன்றாவது.

உங்கள் மகள்,
ராசமலர்